ஞாயிற்றுக்கிழமை பிறந்த சுற்றறிக்கை

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: செல்போனில் வரும் செய்தியை நம்புவதா, வேண்டாமா? எழுதியவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். கோவையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவள் நான். இப்போது வாரம் இரண்டு நாள் பொள்ளாச்சி சாலையிலுள்ள ஒரு கல்லூரியில் இதழியல் வகுப்பெடுக்கிறேன். எனக்கு நெருக்கமான விஷயம் என்பதால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

பெருந்துறையிலிருந்து ஒரு மாணவி, பி.காம். இரண்டாம் ஆண்டு:
அம்மா, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மறுநாள் நடக்கவிருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டதாகப் பல்கலைக்கழகச் சுற்றறிக்கை ஒன்றை விடுதியிலுள்ள அக்கா ஒருவர் எனக்கு அனுப்பினார். வகுப்புக் குழுவில் போட்டேன். இரவு ஒன்பது மணிக்கு அது பொய் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் சேர்த்து நீக்கிவிட்டேன். ஆனால் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு தோழிகள் மறுநாள் தேர்வுக்கு வரவில்லை. அவர்களுக்கு இப்போது அரியர். முகத்தில் விழிக்கவே கூசுகிறது. குழுவிலிருந்து விலகிவிடலாமா? அந்தப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

விலகாதே, கண்ணு. போட்டதை நினைத்து நீ வருந்துகிறாய். எனக்கு அதைவிட உறுத்துவது, சத்தமில்லாமல் நீக்கியதுதான். ஏழு மணிக்குப் படித்துவிட்டு செல்போனைக் கீழே வைத்தவர்களுக்கு ஒன்பது மணிக்கு நீ நீக்கியது எப்படித் தெரியும்? அவர்களைப் பொறுத்தவரை தேர்வு தள்ளிப்போனது போனதுதான். "நான் போட்ட சுற்றறிக்கை பொய். நாளை தேர்வு உண்டு. தவறு என்னுடையது" என்று ஒரு வரி எழுதியிருந்தால், விடியற்காலை எழுந்து பார்த்தபோதாவது அந்தப் பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள்.

இப்போதும் எழுது. ஆனால் அதற்கு முன் அந்த இருவரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிடு. அவர்கள் குழுவில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதே. மூவருமாகத் துறைத் தலைவரிடம் போங்கள். அரியர் கட்டணத்தை உன்னால் கட்ட முடியுமானால் கட்டு. விடுதி அக்காவிடமும் சொல். அவருக்கு யார் அனுப்பினார் என்று கேள். அவர் தமக்கு அனுப்பியவரைக் கேட்கட்டும். பொய் எந்த வழியாக வந்ததோ அதே வழியாக மறுப்பும் திரும்பிப் போக வேண்டும், அனுப்பியவர் கையாலேயே போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி. அதற்குக் காரணம் இருக்கிறது. 2018-ல் 'சயன்ஸ்' இதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்க்குப் பிடித்ததைப் போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்குப் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் நிலைமை மாறவில்லை. அதாவது, ஓடவிட்டவர்கள் மனிதர்கள். உண்மைக்குத் தானாக ஓடும் கால் கிடையாது. யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நீ அனுப்பிய படத்தை நிதானமாகப் பார்த்தேன். தலைப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கட்டம் தெரிகிறது. வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துகள் நல்ல கறுப்பு, கையொப்பம் மட்டும் சாம்பல் நிறம். அலுவலகக் கோப்பைக் குறிக்கும் ந.க. எண் இருக்கிறது, ஆனால் பெறுநர் என்று யாருமே இல்லை. கல்லூரி முதல்வர்களுக்கு அனுப்பாமல் ஒரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? "மாணவர் நலன் கருதி" என்பதற்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறிகள். அலுவலகத் தமிழ் ஒருநாளும் ஆச்சரியப்படாது. கடைசி வரி, "அனைவருக்கும் பகிரவும்." கடைசியாகத் தேதியை நாள்காட்டியில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை.

இவ்வளவையும் நீ பார்த்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மழையும் தேர்வுப் பயமும் சேர்ந்த மாலையில், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று உன் மனமே வேண்டிக்கொண்டிருந்தது. அப்படி மனம் வேண்டுகிற செய்தி வரும்போதுதான் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு போன் போட வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் தோழியிடம் "உங்களுக்கும் சுற்றறிக்கை வந்ததா?" என்று கேட்டாலே போதும்.

கரூரிலிருந்து ஒரு மாணவர்:
"வந்ததை அப்படியே அனுப்புகிறேன், உண்மையா என்று தெரியவில்லை" எனக் குறிப்பிட்டுத்தான் அனுப்புகிறேன். அப்படியானால் பொறுப்பு என்னுடையது இல்லைதானே?

உங்களுடையதுதான், தம்பி. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு வந்த சுமார் 65 வயதுப் பெண்மணி, வழியில் பார்த்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பல நாட்களாகச் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அதை அனுப்பியவர்களில் எத்தனை பேர் "எதற்கும் கவனமாக இருங்கள்" என்று அக்கறையோடு அனுப்பியிருப்பார்கள்!

அந்த நாட்களில் நாடு முழுவதும் சுற்றிய காட்சிகளில் ஒன்றை நானும் பார்த்தேன். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அவ்வாண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலர் கை மாறி வந்த செய்திக்கு இப்போது இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவு, மக்களிடையே அச்சத்தையோ பகையையோ தூண்டும் வதந்தியைப் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு பரப்பியவருக்கு அதில் விலக்கு உண்டு. "உண்மையா என்று தெரியவில்லை" என்று நீங்களே எழுதி அனுப்பினால் அந்த விலக்கை எப்படிக் கேட்பீர்கள்?

கோவையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்:
நாங்கள் கையில் செல்போனோடு வளர்ந்த தலைமுறை. ஏமாறுவது எங்கள் பெற்றோர்தான். எங்களுக்கு எதற்கு ஊடகப் பாடம்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அங்கே சாம் வைன்பர்க் என்ற பேராசிரியர் தம் குழுவோடு ஒரு சோதனை நடத்தினார். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் பத்துப் பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பத்துப் பேர், ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் இணையதளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று 1930-ல் தொடங்கியது, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட பெரிய சங்கம். மற்றது 2002-ல் கருத்து வேறுபாட்டால் பிரிந்துபோன சிறிய குழு. பெயரும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மாணவர்களில் பலரும் சிறிய குழுவின் அழகான பக்கத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். வரலாற்றாசிரியர்களிலும் சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் ஏமாறவில்லை.

வேறுபாடு இதுதான். மாணவர்கள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்தார்கள். சின்னம் நன்றாக இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா, விளம்பரம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அதைவிட்டு வெளியே வந்து, இந்தச் சங்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

நம் வீட்டில் இதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை. மாப்பிள்ளை ஜாதகமும் போட்டோவும் வந்தால், அதில் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டா பெண் கொடுக்கிறோம்? தாராபுரத்தில் தோட்டம் என்று எழுதியிருந்தால், தாராபுரத்தில் நமக்கு வேண்டியவர் யார் என்றுதான் முதலில் யோசிப்போம். மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்பதற்கு முன்பே பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டுவிடுவோம். அந்த விசாரிப்பைத்தான் செல்போனில் நாம் மறந்துவிடுகிறோம்.

என் வகுப்பில் ஒருமுறை, "நேற்றிரவு கிணத்துக்கடவில் நடமாடிய சிறுத்தை" என்று வந்த காட்சியை ஓடவிட்டேன். முப்பது பேரும் சிறுத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் ஓரத்தில் நின்ற ஸ்கூட்டரைக் காட்டினாள். எண் பலகையில் எம்.எச். என்று இருந்தது. மகாராஷ்டிர வண்டி. பொள்ளாச்சி வண்டி என்றால் டி.என்.41 என்றல்லவா இருக்கும்! ஒரு வண்டி வெளியூரிலிருந்து வந்து நின்றிருக்கலாம் என்று ஒரு பையன் மடக்கினான். நல்ல கேள்வி. காட்சியின் ஒரு சட்டகத்தை நிறுத்திப் படமெடுத்து, படத்தை வைத்தே தேடித்தரும் கூகுள் லென்ஸில் தேடச் சொன்னேன். அதே சிறுத்தை, அதே தெரு, முந்தைய ஆண்டு மராத்திச் செய்தி ஒன்றில் இருந்தது. கணினி அறிவியல் படிப்பவர்கள் அந்த வகுப்பில் பலர். அதுவரை அவர்களில் ஒருவருக்கும் செல்போனை அதற்காக எடுக்கத் தோன்றவில்லை.

கோபியிலிருந்து ஒரு மாணவி:
ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று வந்த வீடியோவை நம்பி, என் அம்மாயி (அம்மாவின் அம்மா) அரிசியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். உண்மையிலேயே சில மணிகள் மிதந்தன! இப்போது ரேஷன் அரிசியைக் கோழிக்குப் போடுகிறார். நான் சொன்னால், "கண்ணால் பார்த்தேன்" என்கிறார்.

உன் அம்மாயியை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. படித்த பலர் செய்யாததை அவர் செய்திருக்கிறார், சோதித்துப் பார்த்திருக்கிறார். அவர் கண்டது உண்மைதான். மிதப்பது எது என்பதில்தான் பிழை.

அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் மறுபடியும் அரிசி மணி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சாதாரண அரிசி நூறு பங்குக்கு இது ஒரு பங்கு கலக்கிறார்கள். மாவிலிருந்து செய்த மணி என்பதால் எடை குறைவு, நிறத்திலும் கொஞ்சம் வேறுபடும். அதனால் மிதக்கிறது. அரசுத் திட்டங்களில் இந்த அரிசியைக் கொடுக்கப்போவதாக 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். ஆனால் அம்மாயியின் அரிசிப் பானைக்கு அருகில் வந்து யாரும் விளக்கவில்லை. விளக்கம் போகாத வீட்டுக்குள் வதந்தி முதலில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவரிடம் வாதாடாதே. மிதந்த மணிகளை எடுத்துக்கொடுத்து, விரலால் நசுக்கிப் பார்க்கச் சொல். ஊறியதும் மாவாகக் கரைகிறதா, பிளாஸ்டிக் போல வழுக்குகிறதா என்று அவரே பார்க்கட்டும். கண்ணால் பார்த்து நம்பியவரைக் கண்ணால்தான் மாற்ற முடியும்.

ஒன்று எனக்கு வருத்தம். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கூடுதல் இரும்புச்சத்து ஏற்றதா என்று உண்மையான விவாதம் ஒன்று நடந்தது. பிளாஸ்டிக் கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு எம்.ஏ. மாணவி:
என் அப்பா பின்னலாடை நிறுவனத்தில் கண்காணிப்பாளர். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பரவிய வதந்தியை நம்பி, பக்கத்து லைன் வீடுகளில் இருந்த பீகார் அண்ணன்கள் ஒரே இரவில் மூட்டை கட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. கண்ணெதிரே நடக்காததை எப்படி அம்மா நம்பினார்கள்? நான் அப்போது எதையும் பகிரவில்லை. ஆனால் இன்றுவரை அது மனத்தைவிட்டு அகலவில்லை.

அந்த வாரம் நான் திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். தன்பாத் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் இருபது வயதுப் பையன் ஒருவனோடு எனக்குத் தெரிந்த இந்தியில் பேசினேன். பவர் டேபிளில் தையல் வேலை. "உன்னை யாராவது அடித்தார்களா?" என்றேன். இல்லை. "உனக்குத் தெரிந்தவரை?" இல்லை. பிறகு செல்போனைத் திறந்து காட்டினான். அம்மா என்று பதிந்திருந்த எண்ணிலிருந்து அன்று காலை மட்டும் பதினொரு அழைப்புகள். தெருவில் ஒருவரை வெட்டும் காட்சியை ஊரில் அவன் தாய் பார்த்திருக்கிறாள். "தமிழ்நாட்டில் நம் பிள்ளைகளைக் கொல்கிறார்கள்" என்று அதன்மேல் எழுதியிருந்தது. அவன் தன் கண்ணை நம்பாமல் போகவில்லை, அம்மணி. தாயின் அழுகையை அவனால் தாங்க முடியவில்லை.

அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனே ஒரு வீடியோவில் விளக்கம் சொன்னார். பரவிய காட்சிகளில் ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் இரு தரப்பாகத் தங்களுக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இரண்டும் முன்பே நடந்தவை. காட்சி மெய், மேலே எழுதிய வரி பொய். இந்த வகைதான் மிகவும் ஆபத்தானது. ஏனென்றால் "இது போலிப் படமா?" என்று பார்ப்பவருக்கு அதில் எந்தக் குறையும் அகப்படாது.

அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. ஆண்டுதோறும் ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களின் கூட்டமும் ரயில் நிலையத்தில் இருந்தது. அந்தக் கூட்டத்தையும் படமெடுத்து, உயிருக்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்று போட்டார்கள். பயந்தவன் அதைப் பார்த்து இன்னும் பயந்தான். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. இங்கேயும் இந்தியில் அறிவிப்பு வெளியிட்டார்கள். காயக்கட்டோடு தொழிலாளர்கள் பேசுவதாக வந்த ஒரு காட்சி, பாட்னாவில் வாடகை வீடு ஒன்றிலேயே நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையே கண்டுபிடித்தது. அதற்குள் எத்தனையோ தையல் டேபிள்கள் காலியாகிவிட்டன.

நீ எதையும் பகிரவில்லை என்கிறாய். அது சரிதான். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாட்னாவில் உட்கார்ந்திருந்த ஒரு சரிபார்ப்பாளருக்கு இல்லாதது உன்னிடம் இருந்தது. நீ அந்தத் தெருவில் இருந்தாய். பக்கத்து அறைப் பையனின் செல்போனை வாங்கி, அவன் தாயிடம் உன் அம்மாவைப் பேசவைத்திருக்கலாம். தமிழும் இந்தியும் புரியாவிட்டாலும் ஒரு தாயின் குரலும் பின்னால் கேட்கும் தையல் இயந்திரச் சத்தமும் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த முறை இப்படி ஏதாவது வந்தால், உன் தெருவை ஒரு நிமிடம் படமெடுத்து, தேதியும் இடமும் சொல்லி அனுப்பு. இடத்தில் இருப்பவர் சும்மா இருந்துவிட்டால், தொலைவில் இருப்பவர் சொல்வதுதான் செய்தியாகிவிடும்.

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர்:
அரசின் உண்மை சரிபார்ப்பகம் "பொய்" என்று சொன்னால் நம்பலாமா?

அவர்கள் காட்டும் ஆவணத்தை நம்புங்கள், முத்திரையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தில் 2019 முதலும், தமிழ்நாடு அரசில் 2023 முதலும் இத்தகைய பிரிவுகள் உள்ளன. போலி அரசாணை, போலி வேலைவாய்ப்பு அறிவிப்பு போன்றவற்றுக்கு இவை மிகவும் பயனுள்ளவை. ஆனால் ஓர் அரசைப் பற்றிய குறை உண்மையா என்று அந்த அரசே தீர்ப்பளிப்பது வேறு விஷயம். தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே முடிவு செய்யும் அதிகாரத்தை மத்திய அரசு 2023-ல் விதியாகக் கொண்டுவந்தபோது, 2024 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்பது என் கருத்து.

உடுமலையிலிருந்து ஒரு மாணவர்:
செயற்கை நுண்ணறிவுப் படங்களைக் கண்டுபிடிக்க விரல்களை எண்ணச் சொல்கிறார்களே?

அந்தக் காலம் போய்விட்டது. இப்போதெல்லாம் விரல் சரியாகவே இருக்கும். படத்துக்குள் குறை தேடுவதைவிட, இதை முதலில் வெளியிட்டவர் யார், வேறு யார் அதே நிகழ்ச்சியைப் படமெடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெருங்கூட்டத்தில் நடந்ததாகச் சொல்லும் ஒன்றுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். உறவினர் குரலில் யாராவது அவசரமாகப் பணம் கேட்டால், வைத்துவிட்டு அவருடைய பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டால் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பல்லடத்திலிருந்து ஒரு கறிக்கோழிப் பண்ணையாளர்:
என் மகன் கோவையில் எம்.எஸ்சி. படிக்கிறான். சொந்தக்காரர்கள் குழுவில் நான் எதைப் போட்டாலும் அடுத்த நிமிடமே "அப்பா, இது பொய்" என்று எழுதிவிடுகிறான். பங்காளிகள் முன்னால் தலைகுனிவாக இருக்கிறது. படிக்கவைத்தது இதற்குத்தானா?

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களை நினைத்துப் பாருங்கள். கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு செய்தி. எந்த ஆதாரமும் இல்லை. கறிக்கடைகள் காற்று வாங்கின. நாமக்கல் முட்டையும் சேர்ந்து விழுந்தது. பல்லடத்தில் நிர்ணயிக்கும் விலையைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். அது சரிந்த வேகம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்பது நாள் வளர்ந்த கறிக்கோழியை விலை ஏறட்டும் என்று கட்டிவைக்க முடியாது. விற்காத ஒவ்வொரு நாளும் அது தீவனம் தின்றுகொண்டே இருக்கும். அப்போது ஏதாவதொரு வீட்டில், ஏதாவதொரு மகன் தன் அப்பாவிடம் "இது பொய், அனுப்பாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் அவனை வாழ்த்தியிருப்பீர்கள்.

தம்பிக்கும் சொல்கிறேன். அப்பாவைக் குழுவில் திருத்தாதே. முதலில் அவருக்குப் போன் போட்டு, எது பொய், எப்படித் தெரிந்தது என்று சொல். பிறகு அவரே தம் கையால் அதே குழுவில் எழுதட்டும்: "காலையில் நான் போட்டது தவறான செய்தி." பங்காளிகள் உங்களைக் குறைவாக நினைப்பார்கள் என்று அஞ்ச வேண்டாம் ஐயா. அடுத்த முறை நீங்கள் போடும் செய்திக்கு மதிப்பு கூடியிருக்கும். அவன் சொல்லும்போது நீங்கள் கோபப்படாமல் கேட்டால்தான் இது நடக்கும்.

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு மாணவி, இதழியல் முதலாண்டு:
அம்மா, நீங்கள் எப்போதாவது பொய்ச் செய்தி வெளியிட்டதுண்டா?

உண்டு. தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி இரவு. கோபிப் பக்கம் கனமழை, ஓடைகளில் வெள்ளம் என்று நிருபர் தொலைபேசியில் செய்தி கொடுத்துவிட்டார். படம் வந்து சேரவில்லை. பக்கம் முடிக்க இருபது நிமிடம்தான் இருந்தது. பழைய படங்கள் இருந்த அலமாரியைத் திறந்தேன். ஓடை ஒன்று பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் படம் கிடைத்தது. பின்னால் ஊர்ப்பெயர் சரியாக இருந்தது, தேதி அழிந்திருந்தது. "கனமழையால் பெருக்கெடுத்து ஓடும் வெள்ளம்" என்று வரி எழுதி அனுப்பிவிட்டேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. வெள்ளம் வந்தது உண்மை, ஊரும் அதே ஊர்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு விவசாயி அழைத்தார். குரலில் கோபமே இல்லை. "அம்மணி, நீங்கள் போட்ட படத்திலிருக்கும் பாலம் போன வருடமே இடிந்துவிட்டது. நாங்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கிறோம். புதுப் பாலம் வேண்டும் என்று நேற்று முன்தினம்தான் மனுக் கொடுத்தோம். உங்கள் படத்தைப் பார்த்தால் அதிகாரி என்ன சொல்வார்? பாலம்தான் நிற்கிறதே என்பார்" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். உள்பக்கத்தில் ஓரமாக ஒரு வரி போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். படம் வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில்தான் திருத்தம் வர வேண்டும் என்று நான் நின்றேன். ஆசிரியர் ஒப்புக்கொண்டார். நிருபர் அன்றே போய், பாலம் இல்லாத ஓடையைப் படமெடுத்து வந்தார். பழைய படம் எப்படி வந்தது என்று நான்கு வரியில் எழுதி, அதற்குக் கீழே அந்தப் புதிய படத்தை வெளியிட்டோம்.

அந்த விவசாயி அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் எனக்கு அழைப்பார். ஓடையில் எந்தக் கல் வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, "எழுதிக்கொள்ளுங்கள் அம்மணி, நான் இப்போது கரையில் நின்றுதான் பேசுகிறேன்" என்பார்.